நூற்றாண்டு உடுக்கை

"பேரண்டத்தில் கண்ணியமாகச் சாகத் தெரிந்தவை விண்மீன்கள் மட்டுமே. தம் இறுதி மூச்சை ஒளியாக்கி, அந்த ஒளியை மாலையாக்கி, அந்த மாலையைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு அவை விடைபெறுகின்றன."

வானழகு வாரியத்தின் ஆண்டறிக்கை ஒவ்வோர் ஆண்டும் இந்த வாக்கியங்களோடுதான் தொடங்கும். எழுதியவர் வாரியத்தின் தலைமை வடிவமைப்பாளர் முனைவர் வாகீசன். அடுத்த பத்தி, வாரியக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக் கழிவறையில் தண்ணீர் வராததைப் பற்றியது. அதையும் அவர்தான் எழுதினார்.

மறுகரைக் கோளில் மனிதர்கள் குடியேறித் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியேறியவர்கள் முதலில் குடிநீர் கண்டுபிடித்தார்கள். பிறகு வாரியங்களைக் கண்டுபிடித்தார்கள். வானழகு வாரியத்தின் வேலை, சாகக் கிடக்கும் விண்மீன்களைச் சீக்கிரமாகவும் அழகாகவும் சாகவைப்பது. நமது சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் கிழடாகும்போது ஊதிப் பெருக்கிறது. அதன் மேல்சட்டை தளர்ந்து வாயுவாகக் கழன்று போகிறது. உள்ளே மிஞ்சிய சூடான கரு அந்த வாயுவை ஒளிரவைக்கிறது. கோள் நெபுலா என்பது இதுதான். கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அது கோளைப் போல உருண்டையாகத் தெரிந்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தானாக நடந்தால் சட்டை கழல ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். விண்மீனைச் சுற்றி எந்திரங்களை நிறுத்தி அதன் மேற்பரப்பைக் கிளறிவிட்டால் பத்தே ஆண்டு போதும். வாரியத்தின் தாள்களில் இதற்குக் 'கண்ணிய நிறைவு' என்று பெயர். ஊழியர்கள் கிளறல் என்பார்கள்.

வாகீசன் முப்பது ஆண்டுகளாக நெபுலா வடிவங்களை வரைந்து வந்தார். ஒன்றுகூட வானத்தில் ஏறவில்லை. அவரோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த அஞ்சுகம் ஒரே ஒரு நெபுலா செய்தார். யாரும் குடியிருக்காத ஓர் ஒற்றை விண்மீனைப் பக்குவமாகக் கிளறிவிட்டு, விலகி நின்றுகொண்டார். அது நாலாபுறமும் சமமாக விரிந்து, நீல விளிம்போடு ஒரு வட்டமாக வானத்தில் நின்றது. 'அஞ்சுகத்தின் வட்டம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த வட்டம் வானத்தில் இருந்ததைக்கூட வாகீசன் பொறுத்துக்கொண்டிருப்பார். அண்ணாந்து பார்க்காமல் நடந்தால் தீர்ந்தது. ஆனால் அது தினசரி காலண்டரில் ஏறிவிட்டது. முடிதிருத்தகத்தில் இருந்தது, பல் மருத்துவரிடம் இருந்தது, அரிசிக் கடை இலவசமாகக் கொடுத்தது. கடைசியில் அவர் வீட்டுச் சமையலறையிலேயே, கண்ணுக்கு நேராக, தாளிக்கும் புகையில் பழுத்துக்கொண்டு தொங்கியது. வாகீசன் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். மனைவி மங்கையர்க்கரசி தேதி பார்க்கத் திருப்பி மாட்டுவாள்.

"அஞ்சுகம் அம்மா டிவியில பேசினாங்க," என்றாள் ஒரு நாள். "எப்படிம்மா இவ்வளவு அழகா பண்ணீங்கன்னு கேட்டா, 'நான் ஒண்ணும் பண்ணலைங்க, அது பாட்டுக்குப் போச்சு, நான் தள்ளி நின்னேன்'ங்கறாங்க. எவ்வளவு அடக்கம் பாருங்க."

"அது அடக்கம் இல்ல, மங்கை. உண்மை. வட்டம் போடறதுக்கு ஆள் எதுக்கு? தனியாச் சாகற நட்சத்திரம் வட்டமாத்தான் போகும். கூட ஒரு துணை இருக்கணும். பெரிய கோள் ஒண்ணை உள்ள இறக்கிவிட்டோம்னு வை, அது சுத்திச் சுத்தி வாயுவைக் கலக்கி, நட்சத்திரத்தோட இடுப்புல ஒரு பட்டை மாதிரி கட்டிடும். அப்புறம் வர்ற காத்து பட்டையைத் தாண்ட முடியாம மேலயும் கீழயும் பீறிக்கிட்டுப் போகும். என்ன வடிவம் வரும்?"

"என்ன வரும்?"

"உடுக்கை!" வாகீசன் இரு கைகளாலும் காற்றில் ஓர் இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"அப்ப, தனியாச் செத்தா வட்டம். கூட ஒருத்தர் இருந்து நெருக்கினா உடுக்கை."

"ஆமா."

"நம்ம வீட்டுல உடுக்கைதான்," என்றாள் மங்கை. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

குடியரசின் நூற்றாண்டு விழாவுக்கு எட்டு ஆண்டுகள் இருந்தபோது, ஒரு நெபுலா வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. வாரியத்தின் பட்டியலில் தோதான விண்மீன் ஒன்றுதான் இருந்தது. பெயர் முதியோன். மறுகரையிலிருந்து அதன் ஒளி வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதைக் கொப்பரை என்றொரு பெரிய கோள் சுற்றிவந்தது. கொப்பரையை ஒரு நிலா சுற்றிவந்தது. குறுணி என்ற அந்த நிலாவில் முந்நூற்று நாற்பது பேர் இறால் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு திட்டங்கள் வாரியத்துக்கு வந்தன. வாகீசனுடையது நானூறு பக்கம். கொப்பரையின் வேகத்தைக் குறைத்து முதியோனுக்குள் விழவைப்பது, உடுக்கை செய்வது. அஞ்சுகத்தினுடையது அரைப்பக்கம். 'ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.'

வாகீசன் அந்த அரைப்பக்கத்தை நான்கு முறை படித்தார். ஆட்கள் என்ற சொல் அவர் கண்ணில் படவே இல்லை. வானத்தில் தன் வட்டம் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று ஒருத்தி நினைக்கிறாள், அதை அரைப்பக்கத்தில் எழுதவும் அவளுக்குத் துணிச்சல் இருக்கிறது என்பது மட்டும் பட்டது.

விசாரணைக் கூட்டத்துக்குக் குறுணியிலிருந்து மரியதாஸ் என்பவர் வந்தார். ஒன்றரை ஆண்டு கப்பலில் வந்தவருக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஐம்பது வயது, காய்ப்பேறிய கைகள், கூட்டத்துக்கென்று தைத்த புதுச் சட்டை. அளவு ஒன்றரை ஆண்டுக்கு முந்தையது.

வாரியத்தில் ஒரு மரபு உண்டு. தலைவர் நல்லசிவம் உட்கார்ந்திருக்கும்போது அவர் கண்மட்டத்துக்கு மேலே வேறு யார் கண்ணும் போகக்கூடாது. ஆகவே எல்லோரும் தாழ்வான நாற்காலிகளில் உட்காருவார்கள். மாதிரிகள் தலைவரின் இருக்கைக்கு எதிரே, அவர் பார்க்கத் தோதாக நிமிர்த்தி வைக்கப்படும். கணினியில் வரைபவர்களும் 'தலைவர் நோக்கு' என்ற ஒரே கோணத்தில்தான் வரைவார்கள். மற்றக் கோணங்களுக்கான பொத்தான்கள் பயன்படாமல் கிடந்ததால் அவற்றை எடுத்தேவிட்டார்கள். அன்று மேசையில் வாகீசனின் கண்ணாடி உடுக்கை நிமிர்ந்து நின்றது. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவே கொடியிடை. தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க," என்றார் மரியதாஸிடம், உடுக்கையைப் பார்த்தபடி.

"ஐயா, அந்த நட்சத்திரம் ஊதிப்போனதாலதான் எங்க நிலாவுல பனி உருகிக் கடலாச்சு. எங்க தாத்தா காலத்துல கெட்டிப் பனிக்கட்டி. இப்ப இறால் ஓடுது. சாகக் கெடக்குறவரு போறபோக்குல எங்களுக்குச் சோறு போட்டுட்டு இருக்காரு. அவரு தானாப் போறதுக்கு அறுநூறு வருசம் இருக்குன்னு உங்க ஆளுங்கதான் அளந்து சொன்னாங்க. அதுவரைக்கும் விட்டுட்டீங்கன்னா, நாங்க ஒரு இருபது தலைமுறை பொழச்சுக்குவோம்."

"அறுநூறு வருஷமா?" தலைவர் முதல்முறையாக அவரைப் பார்த்தார். "ஏன்யா, நூற்றாண்டு விழா ஆறு வருஷத்துல வருது. அறுநூறு வருஷம் கழிச்சு நான் வந்து எப்படி ரிப்பன் வெட்டறது?"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் அஞ்சுகம் அதைச் செய்தார். பையிலிருந்து எடுத்த முறுக்கை வாயில் கவ்விக்கொண்டு, தன் தாழ்வான நாற்காலியின்மேல் ஏறி நின்றார். மேலேயிருந்து குனிந்து கண்ணாடி உடுக்கையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, உட்காருங்க!" என்றார் தலைவர்.

"ஒரு நிமிஷம் சார். இதை இங்கேர்ந்து பார்த்தா..."

"கூட்ட மரியாதை தெரியாதா? உட்காருங்க முதல்ல."

அஞ்சுகம் இறங்கினார். மரியதாஸின் ஏழு நிமிடமும் அதற்குள் முடிந்திருந்தது. உடுக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. குறுணி மக்களுக்கு நட்சத்திரத்தின் பக்கவாட்டில், வெகு தொலைவில் இருந்த பக்கத்துறை என்ற பழைய கப்பல் முகாமில் இடம் தருவதாகத் தீர்மானம். அதுவும் ஏகமனதாக.

வெளியே நடைபாதையில் மரியதாஸ் வாகீசனைத் தேடி வந்தார். "நீங்கதான் வரைஞ்சீங்களாமே ஐயா. எங்க ஊருக்கு வந்து பாத்திருக்கீங்களா?"

"வரைபடம் இருக்கு," என்றார் வாகீசன்.

"வரைபடத்துல நல்லாத் தெரியும்ல?" என்றார் மரியதாஸ். அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "கருவாட்டு இறால். ஜெயிச்சா உங்களுக்குக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். தோத்தாலும் திரும்பத் தூக்கிட்டுப் போறதுக்கு மனசு வரல."

அவர் போனதும் அஞ்சுகம் வந்தார்.

"வாகீசா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அந்தக் கொப்பரை முதியோனுக்கு முன்னாடி வந்து, அது மேல ஒரு கரும்புள்ளி நகர்ந்து, நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

"அதுக்கு என்ன?"

"வரவே வராது. நாம பார்க்கறப்ப அது செக்குமாடு மாதிரி சுத்தி வட்டம்தான் போடுது. ஏன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாரு. அந்த மாதிரியை எடுத்து மேல..."

"அஞ்சுகம்." வாகீசன் இடைமறித்தார். "முப்பது வருஷத்துல எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. உனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். மோர் குடிச்சுக்கறேன். நீ ஒரு தடவை பாரு. இப்பக்கூட வாபஸ் வாங்கலாம். முந்நூத்தி நாப்பது பேரு இருக்காங்கப்பா அங்க."

வாகீசன் அறைக்குப் போனார். கொப்பரையின் பாதை எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதற்கான கோப்பை எடுத்தார். பதினேழாம் பக்கத்தில் அந்தச் சாய்வின் எண் இருந்தது. பக்கத்தைத் திருப்ப விரல் வைத்தார். திருப்பினால் அஞ்சுகம் சொல்லித் திருப்பியதாக ஆகிவிடும் என்று தோன்றியது. கோப்பை மூடிவிட்டார்.

அன்று மங்கை இறாலைத் தொக்கு வைத்தாள். "ரொம்ப நல்லா இருக்கே. எந்தக் கடைங்க? அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

வாகீசன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

குறுணி காலியானது. இறால் தொட்டிகளைத் திறந்து கடலில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள் என்று அறிக்கை வந்தது. கொப்பரை மெல்ல மெல்ல உள்ளே சரிந்து முதியோனுக்குள் போனது. விழா நாளும் வந்தது. தலைவர் நல்லசிவம் பொன் பூசிய பொத்தானை அழுத்தினார். நடக்கவேண்டியதெல்லாம் மூன்று மாதங்களுக்கு முன்பே அங்கே நடந்து, ஒளி மட்டும் அன்று வந்து சேர்வதாகக் கணக்கு. பொத்தானுக்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை. அது நாதஸ்வரக் குழுவுக்கு முன்னிருந்த சிவப்பு விளக்கை எரியவைத்தது. அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு அது ஒரு காசளவு ஆனது. ஆறாம் ஆண்டில் தட்டளவு. பளிச்சென்ற வளையம், நடுவில் இருண்ட ஓட்டை. எல்லோரும் இடுப்புக்காகக் காத்திருந்தார்கள்.

தலைவர் வாகீசனை அழைத்தார். "எங்கய்யா உடுக்கை?"

"இருக்குங்க ஐயா. அது, வந்து... நமக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு இருக்கு."

"முகத்தைன்னா?"

"உடுக்கையைத் தட்டறோமே, அந்தத் தோல் பக்கம். கோள் எந்தத் தளத்துல சுத்துதோ அதுக்குச் செங்குத்தாத்தான் வாயு பீறிடும். கொப்பரையோட வட்டம் நமக்கு நேரா இருந்துச்சு. அதனால ஒரு கிண்ணம் நம்மளைப் பார்த்து இருக்கு. இன்னொண்ணு அதுக்கு நேர் பின்னாடி. இடுப்பு நடுவுல மறைஞ்சிருக்கு."

"சரி, திருப்புங்க."

"நெபுலாவைத் திருப்ப முடியாதுங்க ஐயா."

"இது முன்னாடியே தெரியாதா? அந்த மாதிரியை யாராவது மேலேர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?"

மேலேயிருந்து பார்த்த ஒரே ஒரு ஆளை இருவருக்கும் தெரியும்.

வட்டமே முழுமையின் சின்னம் என்றும், உடுக்கை உள்ளார்ந்த நிலையில் விளங்குகிறது என்றும் வாரியம் அறிவித்தது. பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அதை 'உளுந்து வடை' என்றார்கள். அந்தப் பெயர் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. வாகீசனுக்கு வடைகூடப் பெரிதாக வலிக்கவில்லை. பல் மருத்துவர் அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம்தான் வலித்தது: "சார், இதுவும் அந்த அம்மாவோட வட்டம் மாதிரியே இருக்கே!"

அஞ்சுகம் அவரை நூலகத்தில் பார்த்தார். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாகீசன் அன்று தூங்கியிருப்பார். "உடம்பைப் பார்த்துக்கோ வாகீசா," என்று மட்டும் சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டே பக்கத்துறை முகாமிலிருந்து ஒரு மனு வந்தது. கையெழுத்து, மரியதாஸ்.

'ஐயா, நாங்கள் முந்நூற்றுப் பதினொரு பேர் இங்கே இருக்கிறோம். இறால் இல்லை, கடல் இல்லை, அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. எங்கள் ஜன்னல்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே இருக்கின்றன. ராத்திரி பகல் தெரியவில்லை. பிள்ளைகள் தூங்குவதில்லை. கோணியும் பழைய புடவையும் மாட்டிப் பார்த்துவிட்டோம். நூற்றுப் பன்னிரண்டு ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை அனுப்பி உதவவும். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு படம் இணைத்திருக்கிறேன்.'

வாகீசன் படத்தை எடுத்துப் பார்த்தார்.

ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் கிழிந்த கோணி தொங்கியது. அதற்கு அப்பால், வானம் முழுவதும், உடுக்கை. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், செம்பும் பச்சையுமாக நரம்பு நரம்பாக ஓடும் ஒளி, நடுவே அவர் முப்பது ஆண்டு வரைந்த அதே இடுப்பு. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பார்க்கவேண்டிய இடத்திலிருந்து பார்த்தால் அது மனிதக் கை செய்தவற்றிலேயே அழகானதாக இருந்தது. அந்த இடத்தில் இருந்தவர்கள் அதைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படத்தை மட்டும் பத்திரிகைக்குக் கொடுக்கணும்," என்றார் செயலரிடம். "நாளைக்கே."

செயலர் நிதானமானவர். "கொடுக்கலாம் சார். ஆனா இது மனுவோட இணைப்பு. இணைப்பை வெளியிட்டா மனுவையும் வெளியிடணும். நம்ம ஆண்டறிக்கையில 'குறுணி மக்கள் முந்நூற்று நாற்பது பேரும் மனநிறைவோடு வாழ்கிறார்கள்'னு இருக்கு. இதுல முந்நூத்திப் பதினொண்ணுன்னு போட்டிருக்காரு. மிச்சம் பேர் எங்கேன்னு கேப்பாங்க."

அந்த ஆண்டறிக்கையையும் வாகீசன்தான் எழுதியிருந்தார்.

"திரைச்சீலைக்கு?"

"நெபுலாவை மறைக்கறதுக்கு வாரியமே துணி கொடுத்தா நல்லா இருக்காது சார்."

வாகீசன் படத்தை இன்னொரு முறை பார்த்தார். முந்நூற்றுப் பதினொரு பேர்மீது அவருக்கு முதலில் வந்தது பொறாமை. தினமும் பார்க்கிறார்களே. இரண்டாவதாக ஏதோ வந்தது. அதற்குப் பெயர் கண்டுபிடிக்கும் முன், கை பழக்கத்தில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதிவிட்டது.

தை மாதம் அரிசிக் கடையின் புதிய காலண்டர் வந்தது. இம்முறை இரண்டு வகை அச்சிட்டிருந்தார்கள். ஒன்றில் 'அஞ்சுகத்தின் வட்டம்', மற்றதில் 'வாகீசனின் நூற்றாண்டு உடுக்கை'. கடைக்காரர் மரியாதையாக இரண்டாவதை வீட்டுக்கே அனுப்பினார். வாகீசன் தானே ஆணி அடித்து மாட்டினார்.

அந்த ஆண்டு அதை யாரும் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. வருகிறவர்களை எல்லாம் அவர் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"பாமரக் கண்ணுக்கு ரெண்டும் ஒரே வட்டம்தான். உத்துப் பாருங்க. அஞ்சுகத்தோடது செத்த வட்டம். இந்த நீல விளிம்புல ஒரு துடிப்பு தெரியுது பாருங்க, பின்னால இருக்கிற இடுப்போட அழுத்தம் அது. உள்ள ஒரு துணை போய்க் கரைஞ்சிருந்தாத்தான் இந்தத் துடிப்பு வரும். தள்ளி நின்னா வராது."

வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். தெரிகிறது என்றார்கள். மங்கையும் காப்பி ஆற்றிக்கொண்டே, "ஆமாங்க, இப்பத்தான் தெரியுது," என்றாள். மூன்று மாதம் தினமும் காலையில், பல் துலக்கியதும், அவர் அந்தத் துடிப்பின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்.

சித்திரையில் அரிசிக் கடையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அச்சகத்தில் இரண்டு படங்களும் இடம் மாறிவிட்டன, வருந்துகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. வாகீசன் வீட்டுச் சுவரில் இருந்தது அஞ்சுகத்தின் வட்டம்.